கிட்டிப்புள்ளும் விஞ்ஞானமும்



ஆறாம் வகுப்பில் அடியெடுத்து வைக்கும் பிள்ளைக்கு வயது பதினொன்று. எட்டாம் வகுப்பை முடிக்கும்போது வயது பதினான்கு. இந்த மூன்று ஆண்டுகளுக்குள் அப்பிள்ளை தன் மனத்துக்குள் ஒரு தீர்ப்பை எழுதிவிடுகிறது. ‘விஞ்ஞானம் எனக்கு உரியது’ என்பது ஒரு தீர்ப்பு, ‘அது யாரோ கெட்டிக்காரர்களுக்கு உரியது, எனக்கு மனப்பாடம் போதும்’ என்பது மற்றொரு தீர்ப்பு. ஒருமுறை எழுதப்பட்ட அத்தீர்ப்பைப் பின்னர்க் கல்லூரிப் பேராசிரியர்களாலும் எளிதில் மாற்ற இயலுவதில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் பணியாற்றித் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்ற எனக்கு இது நன்கு தெரியும். ஆதலால், நடுநிலை வகுப்புகளில் விஞ்ஞானத்தை எவ்வாறு கற்பிப்பது என்னும் கேள்வி ஆசிரியர்களுக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. கற்கும் உங்களுக்கும் உரியதே.

அமெரிக்க நாட்டில் பேஸ்பால் என்னும் ஆட்டம் பெரிதும் விரும்பி ஆடப்படுவதை நீங்கள் அறிவீர்கள். ஒருவர் பந்தை எறிவார். மற்றொருவர் உருண்ட மட்டையால் அதை அடிப்பார். எறிபவர் நிற்கும் மேட்டுக்கும் அடிப்பவர் நிற்கும் இடத்துக்கும் இடையே 18.44 மீட்டர் தொலைவு உண்டு. அந்நாட்டு ஆசிரியர் பலர் இவ்வாட்டத்தையே கருவியாகக் கொண்டு விசை, வேகம், ஆற்றல் ஆகிய பாடங்களை நடத்துகின்றனர். யேல் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் அறிஞர் இராபர்ட் அடேர் என்பவர் பேஸ்பாலின் இயற்பியலை விளக்கி 1990-ஆம் ஆண்டில் ஒரு நூலே எழுதினார். பிள்ளைகள் நாள்தோறும் எதைக் கையில் பிடிக்கிறார்களோ அதிலிருந்து பாடத்தைத் தொடங்குவது அங்குள்ள ஆசிரியர்களின் வழி.

நமக்கு அந்த ஆட்டம் தேவையில்லை. அதன் உறவினன் ஒருவன் நம் தெருவிலேயே இருக்கிறான். அவன் பெயர் கிட்டிப்புள். நான் வாழும் அவனியாபுரத்திலும், மதுரையைச் சுற்றிய சமவெளி ஊர்களிலும், நீர் வற்றிய கண்மாய்களில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் இதை ஆடியிருக்கின்றனர். முழக் கோல் ஒன்று, அது கிட்டி. இருமுனையும் சீவிய சிறு கட்டை ஒன்று, அது புள். புள்ளின் முனையைக் கிட்டியால் தட்டினால் அது எழும்பும். எழும்பியதை அந்தரத்திலேயே ஓங்கி அடித்தால் பறக்கும். எதிரே நிற்பவர் பிடித்துவிட்டால் அடித்தவர் ஆட்டமிழப்பார். பிடிபடாமல் விழுந்தால், விழுந்த தொலைவைக் கிட்டியாலேயே அளந்து கணக்கிடுவர். செலவில்லாத இந்த ஆட்டத்துக்குள் நடுநிலை வகுப்பு விஞ்ஞானத்தின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது என்று நான் சொன்னால் அதனை மிகையென்று எண்ண வேண்டாம். ஒவ்வொன்றாகக் காட்டுகிறேன்.

முதலில் அளவீட்டை எடுத்துக்கொள்வோம். 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த தமிழ்நாட்டு ஆறாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் முதற்பாடமே அளவீடுகள்தாம். ‘நீளத்தின் அலகு மீட்டர்’ என்று கரும்பலகையில் எழுதிப்போட்டால் பிள்ளை அதை எழுதிக்கொள்ளும். அலகு எதற்கு என்று அதற்கு விளங்காது. அதே பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்துச் செல்லுங்கள். மூன்று குழுவினருக்கு மூன்று கிட்டிகளைக் கொடுங்கள். ஒன்று 45 சென்டிமீட்டர், மற்றொன்று 50, மூன்றாவது 60 என்று இருக்கட்டும். நீளத்தை மட்டும் சொல்லிவிடாதீர்கள். புள் விழுந்த ஒரே தொலைவை மூவரும் அளக்கட்டும். தொலைவு 18 மீட்டர் என்றால் முதற்குழு 40 என்னும். இரண்டாம் குழு 36 என்னும். மூன்றாம் குழு 30 என்னும். உடனே சச்சரவு எழும். ‘நீ ஏமாற்றுகிறாய்’, ‘நீதான் தப்பாக எண்ணினாய்’ என்ற குரல்கள் கேட்கும். ஆசிரியர் அப்போது வாய் திறக்கலாகாது. கோல்கள் மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எண்ணம் சிறிது நேரத்தில் ஏதேனும் ஒரு பிள்ளைக்குத் தோன்றியே தீரும். தோன்றிய மாத்திரத்தில் பொது அலகு ஏன் வேண்டும் என்பது வகுப்பு முழுவதற்கும் விளங்கிவிடுகிறது. கோல் நீளமாக நீளமாக எண்ணிக்கை குறைகிறது, இரண்டையும் பெருக்கினால் எப்போதும் 18 மீட்டரே வருகிறது என்னும் எதிர்விகிதக் கணக்கும் உடன் கிடைக்கிறது.

இந்தச் சச்சரவு பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. நாடுகளும் இதே சச்சரவில் அல்லற்பட்டன. முழமும் சாணும் ஊருக்கு ஊர் வேறுபட்டன. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து அறிஞர்கள் மீட்டர் என்னும் பொது அலகை வகுத்தனர். நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டு இதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. 1957 ஏப்ரல் முதல் நாள் பதின்ம நாணயமும் நடைமுறைக்கு வந்தது. இன்றோ மீட்டரை ஓர் உலோகக் கோலாக வைத்துக் காப்பதில்லை. ஒளி வெற்றிடத்தில் ஒரு வினாடியின் 29,97,92,458-இல் ஒரு பங்கு நேரத்தில் செல்லும் தொலைவே மீட்டர் என்று 1983-இல் வரையறுத்துவிட்டனர். கிட்டிக்கோல் சண்டையில் தொடங்கிய பிள்ளை இந்த வரையறையைக் கேட்கும்போது அதன் அருமையை உணர்கிறது.

அடுத்தது விசை. புள்ளின் முனையைத் தட்டும்போது அது ஏன் மேலே எழுகிறது? நாம் அடிப்பதோ கீழ்நோக்கி. முனைகள் சீவப்பட்டிருப்பதால் அவை தரையில் படாமல் சற்று உயர்ந்து நிற்கின்றன. நடுப்பகுதி தரையில் ஊன்றியிருக்கிறது. ஒரு முனையை அழுத்தினால், ஊன்றிய இடத்தைத் தாங்குபுள்ளியாகக் கொண்டு மறுபுறம் எழுகிறது. தரையும் தன் பங்குக்குப் புள்ளை மேல்நோக்கித் தள்ளுகிறது. இது நெம்புகோலின் தத்துவம். முனை சீவாத கட்டையைத் தட்டிப் பாருங்கள், எழும்பாது. சேற்று நிலத்தில் வைத்துத் தட்டிப் பாருங்கள்; சரிவர எழும்பாது. ‘ஏன்?’ என்று கேளுங்கள். விடையைக் காட்டிலும் அந்த ‘ஏன்’ உயர்ந்தது.

இவ்விடத்தில் எச்சரிக்கை ஒன்று சொல்ல வேண்டும். கிட்டிப்புள் கண்ணுக்கு ஆபத்தான ஆட்டம். கூர்மையான புள் வேகமாகப் பறந்து வரும். ஆகவே பள்ளியில் ஆடும்போது முனைகளை மழுங்கச் சீவ வேண்டும். பார்ப்போர் அனைவரும் அடிப்பவருக்குப் பின்னே கோட்டுக்கு அப்பால் நிற்க வேண்டும். ஆசிரியர் அருகில் இருந்தே ஆக வேண்டும். இவ்வொழுங்கும் விஞ்ஞானப் பயிற்சியின் ஒரு பகுதியே. ஆய்வுக்கூடத்தில் அமிலக் குப்பியைக் கையாளும் கைக்கு இங்கேயே பழக்கம் தொடங்குகிறது.

மூன்றாவது, காலம். ஆட்டக்காரரின் கண்ணும் கையும் எவ்வளவு விரைவாக இயங்குகின்றன? இதை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. 30 சென்டிமீட்டர் அளவுகோல் ஒன்றே போதும். ஒருவர் அளவுகோலின் மேல்முனையைப் பிடித்துத் தொங்கவிடட்டும். மற்றவர் கீழ்முனையில் சுழிக்குறி அருகே பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் தொடாமல் விரித்து வைத்திருக்கட்டும். முன்னறிவிப்பின்றி அளவுகோலை விட்டதும் அவர் பிடிக்க வேண்டும். பிடித்த இடம் 10 சென்டிமீட்டர் என்றால் கடந்த நேரம் 0.14 வினாடி, 15 என்றால் 0.17, 20 என்றால் 0.20, 25 என்றால் 0.23. புவியீர்ப்பினால் விழும் பொருள் எந்நேரத்தில் எவ்வளவு விழும் என்பது கணக்கிட்டு அறிந்ததாதலால் தொலைவே இங்குக் கடிகாரமாகிறது.

இனி அந்த எண்ணைக் கிரிக்கெட் திடலுக்குக் கொண்டு செல்வோம். பந்து வீசுபவரின் கோட்டிலிருந்து அடிப்பவரின் கோடு வரை ஏறக்குறைய 17.7 மீட்டர். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து வினாடிக்கு 33 மீட்டருக்குச் சற்று மேற்பட்டுச் செல்கிறது. அப்படியாயின் அடிப்பவருக்குக் கிடைக்கும் நேரம் அரை வினாடிக்குச் சிறிது மேல். பேஸ்பாலில் மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் எறியப்படும் பந்துக்கு 0.4 வினாடியளவே உண்டு. இதில் 0.2 வினாடி, கண்ட செய்தி மூளைக்குச் சென்று கை அசையத் தொடங்குவதற்கே செலவாகிவிடுகிறது. மிஞ்சிய நேரத்துக்குள் மட்டையைச் சுழற்றியாக வேண்டும். நரம்பு மண்டலம் என்னும் உயிரியல் பாடமும், வேகம் என்னும் இயற்பியல் பாடமும், வகுத்தல் என்னும் கணிதப் பாடமும் ஓரிடத்தில் வந்து கைகோத்து நிற்பதைப் பாருங்கள். பிள்ளைகள் வீட்டுக்குச் சென்று தந்தை, தாய், பாட்டி ஆகியோரின் விரைவையும் அளந்து வருவார்கள். அப்போது வயதுக்கும் விரைவுக்கும் உள்ள தொடர்பு பற்றித் தாமே பேசத் தொடங்குவார்கள்.

காலத்தை அளக்க மற்றொரு கருவியையும் பிள்ளைகளே செய்யலாம். நூலில் ஒரு சிறு கல்லைக் கட்டுங்கள். தொங்கும் இடத்திலிருந்து கல்லின் நடுப்பகுதி வரை 25 சென்டிமீட்டர் இருக்கட்டும். மெல்ல ஆட்டிவிட்டால் அது ஒருமுறை சென்று திரும்பும் நேரம் ஏறத்தாழ ஒரு வினாடி. நூலை ஒரு மீட்டராக்கினால் இரண்டு வினாடி. நீளம் நான்கு மடங்கானால் காலம் இருமடங்காகிறது. பம்பரம் எத்தனை வினாடி சுழல்கிறது என்பதை இந்த ஊசலைக் கொண்டே அளக்கலாம். அதே பம்பரத்தைச் சிமெண்டுத் தரையிலும் மணலிலும் விட்டுப் பார்த்தால் உராய்வு என்னும் பாடம் தானே வெளிப்படும்.

ஊசல் பாடத்தின்போது என் ஏழாம் வகுப்பில் நிகழ்ந்ததை இங்குக் குறிப்பிட விரும்புகிறேன். கனத்த கல் விரைவாக ஆடுமா, இலேசான கல் விரைவாக ஆடுமா என்று கேட்டேன். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் கனத்த கல்தான் என்றது. அளந்து பார்த்தனர். எட்டுக் குழுக்களில் ஏழு குழுக்கள் கனத்த கல்லே விரைவு என்று எழுதின. ஒரே ஒரு குழுவின் தலைவி, கூலி வேலை செய்யும் பெற்றோரின் மகள், எழுந்து நின்றாள். “ஐயா, எங்களுக்கு இரண்டு கல்லுக்கும் ஒரே நேரந்தான் வருகிறது. மூன்று தடவை பார்த்துவிட்டோம்,” என்றாள். வகுப்பு சிரித்தது. நான் என் முடிவைச் சொல்லாமல், மற்றக் குழுவினரைத் தம் நூலின் நீளத்தை மறுபடியும் அளக்கச் சொன்னேன். பெரிய கல்லைக் கட்டும்போது முடிச்சுக்கு நூல் செலவானதால் அவர்களுடைய ஊசல் குறுகியிருந்தது. நீளத்தைச் சரிசெய்து மீண்டும் ஆட்டியதும் எட்டுக் குழுவினருக்கும் ஒரே விடை வந்தது. அன்று அந்தச் சிறுமி கற்றது ஊசலின் விதி மட்டும் அன்று. ஏழு பேர் ஒன்று சொன்னாலும், தான் மும்முறை அளந்து கண்டதை அஞ்சாமல் சொல்லலாம் என்பதைக் கற்றாள். நம் அரசியலமைப்புச் சட்டத்தில் 1976-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட அடிப்படைக் கடமைகளுள் ஒன்று விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது. அம்மனப்பான்மை எப்படி இருக்கும் என்று யாரேனும் கேட்டால் நான் அந்தச் சிறுமியைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

பந்து வளைந்து செல்வதைப் பற்றியும் ஒரு சொல். சுழன்று செல்லும் பந்து நேர்வழியை விட்டு விலகுவதை நியூட்டன் தம் காலத்து டென்னிசு ஆட்டத்திலேயே கவனித்திருந்தார். செருமானிய அறிஞர் மாக்னசு 1852-இல் இதனைச் சோதனை வாயிலாக விளக்கினார். ஒரு தாளைக் குழாய்போல் சுருட்டி ஒட்டி, சாய்த்து வைத்த பலகையின் மேல் உருட்டிவிடுங்கள். அது பலகையின் விளிம்பைக் கடந்ததும் முன்னோக்கிப் பாய்ந்து விழும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் அது பின்னோக்கி வளைந்து பலகையின் அடிப்புறம் நோக்கி விழும். சுழலும் பொருள் தன்னைச் சுற்றியுள்ள காற்றை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. காற்று அதனை மறுபக்கமாகத் தள்ளுகிறது. பேஸ்பால் எறிபவரின் வளைபந்துக்கும் சுழற்பந்து வீச்சாளரின் பந்து காற்றில் இறங்குவதற்கும் காரணம் இதுவே. செலவு ஒரு தாளும் சிறிது பசையும்.

இவ்வாறு கைப்பட்ட பொருள்களைக் கொண்டு விஞ்ஞானம் கற்பிக்கும் முயற்சி நம் நாட்டுக்குப் புதிதன்று. 1972-ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் ஒரு திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதி, நண்பர்கள் கிராம மையம் என்னும் இரு தொண்டு நிறுவனங்கள் அதனை முன்னெடுத்தன. ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளே அதற்கு இலக்கு. டில்லிப் பல்கலைக்கழகம் முதலிய இடங்களிலிருந்து விஞ்ஞானிகள் வந்து கிராமத்து ஆசிரியர்களோடு தரையில் அமர்ந்து சோதனை செய்தனர். ‘பால விஞ்ஞானி’ என்று பொருள்படும் பெயருடைய அவர்களது நூலில் விடைகள் அச்சிடப்படவில்லை. செய்ய வேண்டிய சோதனைகளும் கேட்க வேண்டிய கேள்விகளுமே இருந்தன. தேர்வில் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. ‘சவாலிராம்’ என்னும் கற்பனை மனிதர் ஒருவருக்குப் பிள்ளைகள் தம் ஐயங்களைக் கடிதமாக எழுதலாம். அவர் பெயரால் பதில் வரும். 1978-இல் மாவட்டம் முழுவதற்கும் பரவிய இத்திட்டத்தை 1982-இல் தோன்றிய ஏகலவ்யா நிறுவனம் மேலும் வளர்த்தது.

இத்திட்டத்தில் பங்குகொள்ளும் பொருட்டு 1978-இல் அங்குச் சென்றவர் அரவிந்த் குப்தா. கான்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் பயின்ற அவர், சைக்கிள் வால்வு டியூப்பைச் சிறு துண்டுகளாக நறுக்கி, அவற்றில் தீக்குச்சிகளைச் செருகி உருவங்கள் செய்யலாம் என்று கண்டார். மூன்று குச்சிகளால் முக்கோணம் செய்து அழுத்துங்கள், அது குலையாது. நான்கு குச்சிகளால் சதுரம் செய்து அழுத்துங்கள், அது சாய்ந்துவிடும். சதுரத்தின் குறுக்கே மற்றொரு குச்சியைப் பொருத்துங்கள், உறுதி பெறும். இரயில் பாலங்களிலும், ஓட்டுக் கூரையின் மரச்சட்டங்களிலும், மின்கோபுரங்களிலும் முக்கோணங்கள் ஏன் நிறைந்திருக்கின்றன என்பதற்கு இதுவே விடை. குப்பையிலிருந்து பொம்மை செய்யும் அவரது பணிக்காக 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

தமிழ்நாட்டிலும் முயற்சிகளுக்குக் குறைவில்லை. 1980-இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ‘துளிர்’ என்னும் சிறுவர் இதழை 1987 முதல் நடத்தி வந்தது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் பின்னர் மாநிலத்தின் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் பரவியது. நடுநிலை வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி வந்தது. 2022 நவம்பரில் ‘வானவில் மன்றம்’ என்னும் திட்டம் திருச்சிராப்பள்ளியில் தொடங்கி வைக்கப்பட்டது. ஆறு முதல் எட்டு வரை பயிலும் அரசுப் பள்ளி மாணவர்களிடம் அறிவியல் கணிதக் கருத்தாளர்கள் சோதனைப் பொருள்களோடு நேரில் செல்வது அதன் முறை.

இவ்வளவு நல்ல முறைக்கு எதிர்ப்பே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. ஹோசங்காபாத் திட்டம் ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகள்வரை வளர்ந்தபின் 2002-ஆம் ஆண்டில் மாநில அரசால் நிறுத்தப்பட்டது. முப்பதாண்டு உழைப்பு ஓர் ஆணையில் நின்றது. எங்கள் பக்கத்திலும், திடலில் பிள்ளைகளோடு நான் நின்றிருந்தபோது, பார்வையிட வந்த அதிகாரி ஒருவர், “இது அறிவியல் வகுப்பா, விளையாட்டு வகுப்பா?” என்று கடுமையாகக் கேட்டதுண்டு. பெற்றோரின் அச்சம் இன்னும் நியாயமானது. ‘எங்கள் பிள்ளை மதிப்பெண் பெற்றால்தான் மேற்படிப்பு. கிட்டி ஆடினால் மதிப்பெண் வருமா?’ என்பது அவர்கள் கேள்வி. நாள்கூலியில் பிள்ளையைப் படிக்கவைக்கும் தந்தையின் கேள்வி அது. அதனை அலட்சியம் செய்யும் உரிமை எந்த ஆசிரியருக்கும் இல்லை.

அதற்கு என் விடை இது. திடலில் நடப்பது பாடத்தின் முற்பகுதியே. பிற்பகுதி புத்தகத்தில்தான் முடிய வேண்டும். நான் கையாண்ட ஒழுங்கு ஐந்து படிகள் உடையது. முதலாவது, சோதனைக்கு முன் என்ன நிகழும் என்பதை ஒவ்வொரு பிள்ளையும் தன் ஏட்டில் எழுத வேண்டும். இரண்டாவது, ஐவர் கொண்ட குழுவாக மும்முறை அளக்க வேண்டும். மூன்றாவது, சராசரி கண்டு அட்டவணை இட வேண்டும். நான்காவது, பிற குழுவினரின் எண்களோடு ஒப்பிட்டு வேறுபாட்டுக்குக் காரணம் காண வேண்டும். ஐந்தாவது, பாடநூலைத் திறந்து, தாம் கண்டதை நூல் எந்தச் சொற்களால் கூறுகிறது என்று படிக்க வேண்டும். தான் கண்டதற்குப் பெயர் தேடிப் படிக்கும் பிள்ளைக்கு அச்சொல் மறப்பதில்லை. காணாததற்குப் பெயரை மட்டும் உருப்போடும் பிள்ளை தேர்வு மண்டபத்தில் முதல் வரி மறந்தால் முழு விடையும் மறக்கிறது. வாரத்தில் ஒரு பாடவேளையே இதற்குப் போதும். எஞ்சிய வேளைகளில் வழக்கமான பாடம் நடக்கலாம். திடலின் ஒரு மணி நேரம் வகுப்பறையில் வீணாகும் பல மணி நேரத்தை மீட்டுத் தருகிறது.

மற்றொன்றையும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். விளையாட்டு வழியே விஞ்ஞானம் என்று தொடங்கினால் பையன்கள் அடிப்பார்கள், பெண்கள் எழுதுவார்கள் என்று ஒரு வழக்கம் தானே உருவாகிவிடும். அதற்கு இடம் தரலாகாது. கிட்டியும் மட்டையும் சுற்றி வர வேண்டும். குறிப்பேடும் சுற்றி வர வேண்டும். பாண்டி ஆட்டத்தில் ஒற்றைக் காலில் நிற்கும் சிறுமி சமநிலையைப் பற்றி எந்தப் பையனுக்கும் பாடம் சொல்லத் தக்கவள். சொட்டாங்கல் ஆடும் கை, மேலே எறிந்த கல் திரும்பி வரும் நேரத்தை நூலின்றியே அறிந்த கை.

மாணவ நண்பர்களே! ஆசிரியர் அழைக்கும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. கண்மாயின் எதிர்க்கரையில் துணி துவைப்பவரைக் கவனியுங்கள். துணி கல்லில் படுவதைக் கண் முதலில் காணும்; ஓசை பின்னரே காதில் விழும். ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்கிறது. 170 மீட்டருக்கு அப்பால் நின்றால் அரை வினாடி தாமதம். அத்தாமதத்தைக் கொண்டு கரையின் அகலத்தை மதிப்பிடலாம்.

மற்றொரு சோதனைக்கு ஒரு குச்சியே கருவி. மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ பத்துப் பாகையில் உள்ளது. ஆகவே ஏப்ரல் நடுவில் ஒரு நாளும் ஆகஸ்டு இறுதியில் ஒரு நாளும் நண்பகற் சூரியன் நம் உச்சிக்கு நேர்மேலே நிற்கிறது. அந்நாளில் நேராக நட்ட குச்சியின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். ஆனால் கடிகாரத்தில் பன்னிரண்டு அடிக்கும்போது பார்த்தால் நிழல் இன்னும் சிறிது எஞ்சியிருக்கும். 12 மணி 18 நிமிட அளவில்தான் அது மறையும். ஏனெனில் இந்தியாவின் பொது நேரம் 82½ பாகை நெடுங்கோட்டுக்கு உரியது. மதுரையோ அதற்கு மேற்கே 78 பாகை அளவில் உள்ளது. புவி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகிறது. கணக்கிட்டுப் பாருங்கள், அந்தப் பதினெட்டு நிமிடம் உங்கள் ஏட்டிலேயே வந்து நிற்கும்.

ஏப்ரல் பத்தாம் நாள் முதலே குச்சியை நட்டு, நாள்தோறும் மிகக் குறுகிய நிழலின் நீளத்தையும் அப்போதைய மணியையும் குறித்து வாருங்கள். உங்கள் எண்ணும் நான் சொன்ன எண்ணும் ஒத்து வரவில்லையாயின், என் சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். குச்சி நேராக நிற்கிறதா என்று தூக்குநூல் கொண்டு பாருங்கள், கடிகாரம் சரிதானா என்று பாருங்கள், மீண்டும் அளவுங்கள். அதன் பின்னரும் வேறுபட்டால், உங்கள் ஏட்டை எடுத்துக்கொண்டு அறிவியல் ஆசிரியரிடம் செல்லுங்கள். அந்த ஏட்டை விரித்து வைத்து அவரோடு நீங்கள் பேசத் தொடங்கும் வேளையே விஞ்ஞானம் உங்களுக்கு உரியதாகும் வேளை.